மார்பகப் புற்றில் காணாமல் போகும் மரபணுவைத் தேடுவது எப்படி

கும்பகோணத்தில் முதுகலை மாணவர்களுக்கு மரபியல் எடுக்கிறேன். என் அத்தைக்கு 38 வயதில் மார்பில் கட்டி வந்தது. பின்னாளில் என் தங்கை பரிசோதனைக்குப் போனபோது, "அம்மா வழியில் யாருக்காவது இருந்ததா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கட்டியைத் தடுக்கும் மரபணுவில் இருக்கும் பழுது, அப்பாவுக்கு நோயே வராமல் மகளுக்கு இறங்கலாம். ஆகவே முதல் வேலை, இரண்டு பக்கமும் வம்சாவளி வரைவது.

நோய் வந்த வயது கட்டாயம் வேண்டும். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங்கின் குழு 1990இல் 23 குடும்பங்களை ஆராய்ந்து, மார்பகப் புற்றுக்கான மரபணு ஒன்று இருக்கும் இடமாக 17ஆம் குரோமோசோமைச் சுட்டிக்காட்டியது. இளவயதில் நோய் கண்ட குடும்பங்களில்தான் தடயம் தெளிவாகத் தெரிந்தது. நம் பாட்டிகள் வருஷம் சொல்ல மாட்டார்கள். "மகாமகத்துக்கு முந்தின தை" என்பார்கள். எந்த மகாமகம், 1980ஆ, 1992ஆ என்று பொறுமையாகக் கேளுங்கள். "வயிற்றுக் கட்டி" என்றால் விடாதீர்கள், அது சினைப்பைப் புற்றாக இருக்கலாம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் என்றால் வம்சாவளிப் படத்தில் அந்தத் தம்பதிக்கு நடுவே இரட்டைக் கோடு போடுங்கள்.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். மதகில் இரண்டு பலகை இருந்தால், ஒன்று உளுத்தாலும் மற்றது தண்ணீரைத் தாங்கும். இந்த மரபணுக்களும் அப்படித்தான்: செல்லுக்கு இரண்டு பிரதி, இரண்டும் போனால்தான் காவல் போகும். 1971இல் விழித்திரைப் புற்றை வைத்து அமெரிக்க மரபியலாளர் ஆல்ஃபிரட் நுட்சன் சொன்னது இது. அதனால் ஒரே ஆளின் ரத்தமும் கட்டியும் சேர்ந்து வேண்டும், எழுத்துமூலச் சம்மதத்தோடு. ரத்தத்தில் ஒரு அடையாளம் (பிரதிக்குப் பிரதி நீளம் மாறக்கூடிய டிஎன்ஏ துண்டு) இரண்டு அளவில் தெரிந்து, கட்டியில் ஒன்றுதான் தெரிகிறது என்றால் அங்கே ஒரு பிரதி தொலைந்திருக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டித் துண்டில் நல்ல செல்களும் கலந்திருக்கும். அவற்றின் டிஎன்ஏ இழப்பை மறைத்துவிடும். நோய்க்குறியியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டில் வட்டமிட்ட இடத்துக்கு நேரான பாரஃபின் சீவலை (மெழுகில் பதித்த கட்டியின் மெல்லிய துண்டு) மட்டும் சுரண்டுங்கள்.

ஒரு கட்டியில் தொலைந்தது போதாது. புற்றுச் செல் கண்டபடி துண்டுகளை உதறும். பல பேரின் கட்டிகளில் அதே இடம் தொலைந்திருக்க வேண்டும். மிச்சமுள்ள பிரதியில் புரதத்தைக் குலைக்கும் மாற்றமும் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

மாதிரி கிடைக்கும் வரை சும்மா இருக்காதீர்கள். புற்றுக் கட்டிகளின் மரபணுத் தரவு இருக்கும் சிபயோபோர்ட்டல் (cBioPortal) இணையதளம் இலவசம். மார்பகப் புற்று ஆய்வைத் திறந்து டிபி53 (TP53), பிடென் (PTEN), சிடிஎச்1 (CDH1) என்று கட்டியைத் தடுக்கும் மரபணுக்களின் பெயர்களைத் தட்டுங்கள். சிடிஎச்1 பழுதுகள் லோபுலர் (பால் சுரக்கும் நுண்மடல் சார்ந்த) வகைக் கட்டிகளில் குவிந்திருப்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.