கொடி அடுப்பின் உள்மேட்டைப் பேணுதல்

புகைபோக்கி வைத்த இரட்டை மண் அடுப்பில், முன் அடுப்பின் தீ உள்வழியாகக் கொடி அடுப்புக்குள், அதாவது தனியே விறகு வைக்காத இணை அடுப்புக்குள், நுழைந்து, அங்கே எழுப்பியிருக்கும் மண்மேட்டில் மோதி மேலெழுந்து, பானையின் அடியைத் தடவிய பிறகே புகைக் குழாய்க்குள் போகிறது. அந்த மேடு கரைந்துவிட்டால் தீ நேராகக் குழாய்க்குள் பாயும். பானை கொதிக்காது, குழாய்தான் காயும். எங்கள் வீட்டில் இதைக் கவனிக்காமல் நெல் அவித்த ஓர் இரவில், காய்ந்த தென்னம்பாளைகளை அள்ளித் திணித்ததில், தகரக் குழாய் ஒரு சாண் உயரத்துக்குச் சிவந்து, அதையொட்டிய கீற்று புகையத் தொடங்கியது.

முதலில், அடுப்பு ஓர் இரவு முழுவதும் ஆறிய பிறகு, கொடி அடுப்பின் கண் (பானை வைக்கும் துளை) வழியாகக் கையைவிட்டு மேட்டின் மேல் படிந்த சாம்பலையும் கரியையும் வழித்தெடுங்கள். பிறகு, வழக்கமாக வைக்கும் பானையின் அடி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து, அதற்கும் மேட்டுக்கும் உள்ள இடைவெளியை அளவிடுங்கள். இரண்டு விரல் அகலம் போதுமானது. அதைவிடக் குறைந்தால் புகை முன்வாயில் திரும்பும், கூடினால் மேட்டை உயர்த்த வேண்டும்.

உயர்த்துவதற்கு வாய்க்கால் வண்டல் மண்ணே போதும் என்று நினைக்க வேண்டாம். நம் காவிரிப் பாசனப் பக்கத்துக் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும் என்பதால், ஆற்று மணலும் உமியும் சிறிது சாணமும் சேர்த்து, இரண்டு நாள் ஊறவைத்து மிதிக்க வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கமாதலால், வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்பே மண்ணை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய மேட்டைக் கத்தியால் கீறி, நீர் தெளித்த பின் பூசினால்தான் புதுமண் பிடிக்கும். நிழலில் உலர்ந்ததும் சுள்ளியால் சிறுதீ மூட்டி, தெரியும் வெடிப்புகளை மெழுகிவிடுங்கள்.

குழாய் மிகச் சூடானால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பு பிளந்துவிடும். விறகை வெளியே இழுத்து மணலில் அணைத்து, முன்வாயைத் தகரத்தால் மூடுங்கள். காற்று இல்லாமல் தீ தானாக அடங்கும். கூரையைக் குழாய் துளைக்கும் இடத்தில் கீற்றை ஒரு முழம் வெட்டி விலக்கி, அந்த இடைவெளியைத் தகரத்தால் மூட வேண்டும்.

மாதம் ஒருமுறை, கயிற்றில் கல்லையும் வைக்கோல் பிரியையும் கட்டிக் குழாய்க்குள் இறக்கி ஏற்றுங்கள். உதிரும் கரி பொடியாக இருந்தால் கவலையில்லை. தார்போலப் பளபளத்து ஒட்டினால் விறகு ஈரமாக எரிந்திருக்கிறது. அந்தப் படிவு தீப்பிடிக்கக் கூடியது. ஐப்பசி மழைக்கு முன்பே சவுக்கு விறகைப் பிளந்து பரணில் ஏற்றிவிடுங்கள்.