தாள் அழகாக இருக்கிறது, விரல் பழகியதா?

பெரம்பூரில் எல்.கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது எழுத ஆரம்பிப்பான்?" என்பதுதான். வண்ணம் தீட்டுவதை எழுத்து வரும்வரை பொழுதைப் போக்கும் வேலையாகவே பலர் நினைக்கிறார்கள். நாளை பென்சில் பிடிக்கப்போகும் விரல்கள் பழகுவது அங்கேதான். அதைத் தவறாகப் பழக்கினால் குழந்தைக்குத் தாளைக் கண்டாலே வெறுப்பு வந்துவிடும்.

பெரும்பாலும் தவறு கடையிலேயே தொடங்கிவிடுகிறது. 24 நிறங்கள் கொண்ட நீளமான கலர் பென்சில் பெட்டியை மூன்று வயதுக் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிறோம். அந்த வயதில் மணிக்கட்டின் 8 எலும்புகளில் சிலவே இறுகத் தொடங்கியிருக்கும். மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். நீளக் குச்சி கிடைத்தால் குழந்தை அதை உலக்கை போல உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, தோளிலிருந்து கையை ஆட்டித் தீட்டும். விரலுக்கு அங்கே வேலையே இல்லை.

என் வகுப்பில் ஒரு பையன் மாங்காய்ப் படத்துக்குப் பச்சை தீட்டிக்கொண்டிருந்தான். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. நாக்கைக் கடித்தபடி அழுத்தியதில் தாள் கிழிந்தே போனது. அவனுடைய மெழுகு கிரேயானை வாங்கி, என் கட்டைவிரலின் பாதி நீளத்துக்கு ஒடித்துக் கொடுத்தேன். உடைத்துவிட்டேன் என்று அழுதான். அழுகை ஓய்ந்து துண்டைக் கையில் எடுத்தபோது, உள்ளங்கையில் வைத்துப் பிடிக்க அதில் நீளம் இல்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாமாக வந்து சேர்ந்தன. நடுவிரல் அடியில் தாங்கிக்கொண்டது. அப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அன்று முதல் என் வகுப்பில் முழுக் கிரேயான் கிடையாது.

ஸ்கெட்ச் பேனாவும் இப்போது வேண்டாம். அது தாளில் வழுக்கிக்கொண்டு ஓடும். மெழுகு கிரேயான் உரசி நிற்கும். அதைத் தள்ளித் தீட்டும்போதுதான் விரலுக்கு வலு ஏறும்.

"கோட்டைத் தாண்டாதே" என்று மூன்று வயதில் அதட்டுவதில் பயனில்லை. கை அசையாமல் விரல்கள் மட்டும் அசையும் பழக்கம் நான்கரை, ஐந்து வயதில்தான் மெல்ல வரும். அதுவரை தடித்த கோட்டில் பெரிய படமாகக் கொடுங்கள்: ஒரு பூசணிக்காய், ஒரு மஞ்சள் ஆட்டோ. தோகை விரித்த மயில் காத்திருக்கட்டும்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. மறுநாள் நோட்டில் நட்சத்திரம் வாங்க வேண்டும் என்று இரவு பத்து மணிக்கு அம்மா உட்கார்ந்து படத்தை முடித்துக்கொடுப்பது. இல்லையென்றால் தூங்கி வழியும் குழந்தையின் கையைப் பிடித்து ஓட்டுவது. இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. பக்கம் பக்கமாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். நான் அதை நிறுத்திவிட்டேன். வகுப்பில் பத்து நிமிடம், கை வலித்தால் அதற்கும் முன்பே முடித்துக்கொள்ளலாம்.

உட்காரும் இடத்தையும் கவனியுங்கள். பெரியவர்களின் சாப்பாட்டு மேசையில் கால் தொங்க உட்கார்ந்தால் உடம்பு நிலைகொள்ளாது, விரலும் நிலைகொள்ளாது. பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். சில நாள் தாளைச் செங்குத்தாக ஒட்டி, நின்றபடி தீட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டு சரியாக வளைந்து கொடுக்கும். வாடகை வீட்டுச் சுவர் கறைபடும் என்ற பயமிருந்தால் பீரோ கதவு போதும். மே மாத வியர்வையில் கிரேயான் வழுக்கும், பக்கத்தில் ஒரு துணி இருக்கட்டும்.

இடது கையில் எடுத்தால் வலது கைக்கு மாற்றாதீர்கள். தாளின் மேற்பகுதியைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைத்தால் போதும்.

வண்ணம் மட்டுமே விரலைப் பழக்கும் என்றும் இல்லை. பட்டாணி உரிப்பதும், சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டுவதும் அதே தசைகளுக்கான வேலைதான். மார்கழியில் வாசலில் கோலப்பொடியைக் கிள்ளி இழை விடும் பாட்டியின் விரல்களைப் பாருங்கள்; நாங்கள் வகுப்பில் கொண்டுவரப் பாடுபடும் பிடி அதுதான். பக்கத்தில் பேத்திக்கும் ஒரு பிடி பொடி கொடுங்கள்.

ஐந்து வயது தாண்டியும் முஷ்டியால்தான் பிடிக்கிறது, சட்டைப் பட்டன் போடவும் திணறுகிறது என்றால், சோம்பல் என்று திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எழும்பூரில் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. போகும்போது குழந்தை தானே தீட்டிய நாலைந்து தாள்களையும், தீட்டும்போது கைப்பேசியில் எடுத்த ஒரு வீடியோவையும் கொண்டு போங்கள். புது இடத்தில், புது மனிதர் முன்னால் பல குழந்தைகள் கிரேயானைத் தொடவே மாட்டார்கள்.