போர்டு பழையது, கெர்னல் புதியது: பீகிள்போன் பிளாக்கை 5.10இலிருந்து 6.12க்கு நகர்த்துவது எப்படி

பீகிள்போன் பிளாக் என்ற சிறிய ஒற்றை-போர்டு கணினி 2013இல் வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் சிப், ஒரே ஒரு கார்டெக்ஸ்-ஏ8 கோர், 512 எம்பி ரேம். வயதாகிவிட்டாலும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு பெட்டி 2020 டிசம்பரில் வெளியான 5.10 லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையக் கூறு) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரிசைக்கான பராமரிப்பு 2026 டிசம்பரில் முடிவதாக அறிவிப்பு. அடுத்து நிற்க வேண்டிய இடம் 2024 நவம்பரில் வெளியான 6.12. இரண்டுக்கும் நடுவே 21 வெளியீடுகள்.

இந்த வேலையில் புதிதாக எழுத வேண்டிய நிரல் கொஞ்சம்தான். எது சத்தமில்லாமல் மாறியது என்று கண்டுபிடிப்பதில்தான் நாள்கள் போகும். அதனால் புதிய கெர்னலைத் தொடுமுன் பழையதைப் படம்பிடித்து வைக்க வேண்டும்.

பழைய நிலையைப் பதிவு செய்தல்

முதலில் சீரியல் கன்சோல். போர்டில் ஜே1 என்ற 6 பின் தலைப்பு இருக்கிறது. 1ஆம் பின் கிரவுண்ட், 4 போர்டு கேட்கும் பின், 5 போர்டு பேசும் பின். 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கேபிள்தான் வேண்டும்; 5 வோல்ட் சிக்னல் தரும் கேபிளைச் செருகினால் சிப் போய்விடலாம். வேகம் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். நெட்வொர்க் வழியாக மட்டும் பார்த்துச் செய்துவிடலாம் என்று இறங்காதீர்கள். கெர்னல் எழாத நாளில் நெட்வொர்க்கும் எழாது.

பழைய கெர்னல் ஓடும்போதே இவற்றை எடுத்து வையுங்கள்: முழு பூட் லாக், இன்டரப்ட் பட்டியல், ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியல், டீபக்-எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்பு அமைப்பு) உள்ள கிளாக் சுருக்கம், ரெகுலேட்டர் சுருக்கம், பின்-கன்ட்ரோல் நிலை. ஓடும் கெர்னலின் கான்ஃபிக் (எந்தெந்த வசதிகளைக் கட்ட வேண்டும் என்ற பட்டியல்) 'ப்ராக்' அடைவில் சுருக்கப்பட்ட கோப்பாக இருந்தால் அதையே எடுங்கள். கணினியில் கிடக்கும் பழைய கான்ஃபிக் கோப்பும் போர்டில் உண்மையில் ஓடுவதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீக்கும் இதே கதை. டிடிசி கருவியிடம் 'ப்ராக்' அடைவின் டிவைஸ்-ட்ரீயைக் காட்டினால், கெர்னலை ஏற்றும் பூட்லோடரின் திருத்தங்களும் சேர்ந்த இறுதி வடிவத்தை உரையாகத் தரும்.

பூட் லாக்கை ஒப்பிடுமுன் வரித் தொடக்கத்தில் உள்ள நேர முத்திரையை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லா வரியும் மாறியதாகவே தெரியும்.

பேட்ச்களை மூன்று குவியலாகப் பிரித்தல்

உங்கள் 5.10 கிளையில் 40 பேட்ச்கள் (நீங்கள் சேர்த்த நிரல் திருத்தங்கள்) இருப்பதாகக் கொள்வோம். அவை எல்லாவற்றையும் அப்படியே 6.12இன் மேல் தூக்கிப் போடக் கூடாது. ஏற்கெனவே மெயின்லைனுக்குள் (லைனஸ் டோர்வால்ட்ஸின் அதிகாரபூர்வ கெர்னல் மரம்) போய்விட்டவை, போகத் தகுதியானவை, நம்மோடு மட்டுமே இருக்க வேண்டியவை என்று பிரியுங்கள். முதல் குவியலைக் கண்டுபிடிக்க 'கிட் செர்ரி' உதவும். ஆனால் அது பேட்சின் உள்ளடக்கக் கைரேகையைப் பார்த்துத்தான் பொருத்துகிறது. மெயின்லைனில் ஏற்கப்படும்போது ஒரு வரி திருத்தப்பட்டிருந்தாலும் தவறவிடும். அதனால் தலைப்பு வரியை வைத்தும் தேடுங்கள். தொட்ட கோப்பின் வரலாற்றையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். இந்தக் குவியலில் உள்ளவற்றைத் தயங்காமல் கைவிடலாம்.

மிச்சத்தை 5.15, 6.1, 6.6 என்ற நீண்டகால வெளியீடுகளில் ஒவ்வொன்றாக நிறுத்தி நகர்த்துங்கள். நேராக 6.12க்குத் தாவினால் மோதல் வரும் இடத்தில் ஐந்து மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும், எது எதற்காக என்று புரியாது. படிப்படியாகப் போனால் ஒவ்வொரு மோதலுக்கும் ஒரே காரணம் இருக்கும். கிட்டில் 'ரீரீரீ' வசதியை முன்பே இயக்கி வைத்தால் ஒரு முறை தீர்த்த மோதலை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'ரேஞ்ச்-டிஃப்' ஓட்டி, பேட்சின் பொருள் மாறாமல் இடம் மட்டும்தான் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சொந்த டிரைவர்கள் கம்பைல் ஆகாமல் நிற்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். 6.3இல் ஐ2சி டிரைவரின் 'ப்ரோப்' செயற்கூறு தன் இரண்டாவது அளபுருவை இழந்தது. 6.4இல் 'கிளாஸ் கிரியேட்' மாட்யூல் உரிமையாளரைக் கேட்பதை விட்டது. 6.8இல் 'எஸ்டிஆர்எல்சிபிஒய்' நீக்கப்பட்டது. 'எஸ்டிஆர்எஸ்சிபிஒய்'க்கு மாறுங்கள், ஆனால் இடம் போதாவிட்டால் அது எதிர்ம எண்ணைத் திருப்பித் தரும், எனவே திரும்பி வரும் மதிப்பைப் பயன்படுத்திய இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். 6.11இல் பிளாட்ஃபார்ம் டிரைவரின் 'ரிமூவ்' எதையும் திருப்பித் தராததாக ஆனது. 6.12இல் 'அன்அலைன்ட்' தலைப்புக் கோப்பு 'ஏஎஸ்எம்' அடைவிலிருந்து 'லினக்ஸ்' அடைவுக்குப் போனது. இவையெல்லாம் நல்ல பிழைகள், கம்பைலரே சொல்லிவிடும். கம்பைலர் கண்ணில் படாதவைதான் அடுத்து வருபவை.

கான்ஃபிக்: வாய்திறக்காத வில்லன்

பழைய கான்ஃபிக்கைப் போட்டு 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' ஓட்டினால், புதிய கெர்னலுக்குத் தெரியாத பெயர்களை அது எச்சரிக்கை இல்லாமல் தூக்கி எறியும். புதிதாக வந்த தேர்வுகளுக்கு இயல்பு மதிப்பைப் போட்டுவிடும். பீகிள்போனில் இதற்கு இரண்டு கொடூரமான உதாரணங்கள் உண்டு.

முதலாவது, எஸ்டி கார்டும் போர்டிலேயே உள்ள இஎம்எம்சி சேமிப்பகமும். பழைய டிவைஸ் ட்ரீ 'ஓமேப் எச்எஸ்எம்எம்சி' டிரைவரை அழைத்தது. புதிய மெயின்லைன் டிவைஸ் ட்ரீ 'எஸ்டிஎச்சிஐ-ஓமேப்' டிரைவரை அழைக்கிறது. கான்ஃபிக்கில் பழையது மட்டும் இருந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. ரூட் சாதனத்துக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு கெர்னல் அங்கேயே உட்கார்ந்துவிடும். புதியதை மாட்யூலாக வைத்தாலும் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது நினைவகத்தில் ஏறும் தற்காலிக ரூட்) இல்லாவிட்டால் இதே கதைதான். உள்ளேயே கட்டுங்கள்.

இரண்டாவது, ஈதர்நெட். போர்டின் டிவைஸ் ட்ரீ புதிய சிபிஎஸ்டபிள்யூ ஸ்விட்ச் டிரைவருக்கு மாறிவிட்டது. அதற்கான தேர்வு 'டிஐ சிபிஎஸ்டபிள்யூ ஸ்விட்ச்டெவ்'. பழைய 'டிஐ சிபிஎஸ்டபிள்யூ' மட்டும் இருந்தால் போர்டு அழகாக பூட் ஆகும், லாகின் திரை வரும், ஈதர்நெட் மட்டும் இருக்கவே இருக்காது.

தப்பிக்கும் வழி: முழு கான்ஃபிக்கைச் சுமக்காதீர்கள். கெர்னலோடு வரும் 'ஓமேப்2பிளஸ்' டெஃப்கான்ஃபிக்கை அடித்தளமாக எடுங்கள். உங்கள் தேவைகளை மட்டும் 30, 40 வரிகளில் ஒரு துண்டுக் கோப்பாக எழுதி, 'மெர்ஜ் கான்ஃபிக்' ஸ்கிரிப்ட்டால் இணையுங்கள். நீங்கள் கேட்ட மதிப்பு இறுதியில் நிற்கவில்லை என்றால் அந்த ஸ்கிரிப்ட் சொல்லும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். அண்மைக் கெர்னல்களில், தெரியாத பெயர்களைக் காட்டச் சொல்லும் 'கேகான்ஃபிக் வார்ன் அன்நோன் சிம்பல்ஸ்' என்ற சூழல் மாறி உண்டு. அதை 1 ஆக்கி ஒரு முறை ஓட்டினால் காலாவதியான வரிகள் வெளியே வந்துவிடும்.

டிவைஸ் ட்ரீ

6.5இல் 32 பிட் ஆர்ம் டிவைஸ் ட்ரீ கோப்புகள் நிறுவன வாரியாகப் பிரிக்கப்பட்டன. நம் போர்டின் கோப்பு இப்போது 'டிஐ' அடைவுக்குள் 'ஓமேப்' என்ற உள்ளடைவில் இருக்கிறது. பில்டு அடைவிலிருந்து நேராக நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருந்தால், முன்பு எப்போதோ கட்டிய பழைய டிடிபியையே (கம்பைல் ஆன டிவைஸ் ட்ரீ) மறுபடியும் எடுத்துப் போகும் ஆபத்து உண்டு. 'மேக் டிடிபிஸ்_இன்ஸ்டால்' பயன்படுத்துங்கள். 32 பிட் ஆர்முக்கு அது பழையபடி ஒரே அடைவில் தட்டையாகவே வைக்கும்.

உங்கள் துணை போர்டுக்கான மாற்றங்களை மெயின்லைன் கோப்பில் செருகாதீர்கள். அதை உள்சேர்க்கும் தனிக் கோப்பு ஒன்றை உருவாக்கி அங்கே எழுதுங்கள். அடுத்த நகர்வில் மோதல் வராது. எழுதியதை 'மேக் டிடிபிஸ்_செக்' கொண்டு சோதியுங்கள். அது காட்டும் எச்சரிக்கைகளில் உங்கள் கோப்புக்கு உரியவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், மொத்தத்தையும் தீர்க்க உட்கார்ந்தால் மாதம் ஓடிவிடும்.

முதல் பூட்

கிராஸ் கம்பைலரைக் குறித்து, இசட்-இமேஜ் (சுருக்கப்பட்ட கெர்னல்), டிடிபி, மாட்யூல்கள் மூன்றையும் ஒரே கமிட்டிலிருந்து கட்டுங்கள். உள்ளூர்ப் பதிப்புப் பின்னொட்டு ஒன்றைப் போட்டுவிட்டால் பழைய மாட்யூல் அடைவோடு கலக்காது. இஎம்எம்சியைத் தொடாமல் எஸ்டி கார்டில் வைத்துச் சோதியுங்கள். எஸ்2 பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால் போர்டு கார்டிலிருந்து எழும். பூட்லோடரான யு-பூட்டை இப்போது மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

யு-பூட்டில் கெர்னலை 82000000 முகவரியிலும் டிடிபியை 88000000 முகவரியிலும் ஏற்றி 'பூட்-இசட்' கொடுங்கள். யு-பூட் எண்களைப் பதினாறடிமானமாகவே எடுத்துக்கொள்ளும், முன்னொட்டு தேவையில்லை. டிடிபியைக் கெர்னலுக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்தால், விரியும் கெர்னல் அதன் மேல் ஏறிவிடும்.

ரூட் சாதனத்தை 'எம்எம்சி பிளாக் 0' என்று எழுதாதீர்கள். எந்தக் கட்டுப்படுத்தி முதலில் எழுகிறது என்பதைப் பொறுத்து எண் இடம் மாறக்கூடும். பார்ட்டிஷனின் மாறாத அடையாளமான பார்ட்-யுயுஐடி கொடுங்கள்.

'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று சொல்லிவிட்டு அமைதியானால், கெர்னல் செத்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பல நேரம் உயிரோடு இருக்கும், பேச இடம் இருக்காது. பழைய ஸ்கிரிப்ட்களில் கன்சோல் 'டிடிஒய்ஓ0' என்று இருக்கும். இன்றைய 8250 டிரைவரில் அது 'டிடிஒய்எஸ்0'. அதைச் சரிபார்த்த பிறகும் சத்தமில்லை என்றால் கெர்னல் கட்டளை வரியில் 'இயர்லிகான்' சேருங்கள்.

எழுந்த பிறகு

பிரம்ப்ட் வந்ததும் வேலை முடிந்துவிடாது. முன்பு எடுத்த பதிவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது டீபக்-எஃப்எஸ்ஸில் உள்ள 'டிவைசஸ்_டிஃபர்ட்' கோப்பு. அதில் ஒரு சாதனத்தின் பெயர் இருந்தால், அது வேறு எதற்கோ காத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள், பெரும்பாலும் கான்ஃபிக்கில் விட்டுப்போன ஒரு கிளாக், ரெகுலேட்டர் அல்லது ஜிபிஐஓ (பொது உள்ளீட்டு-வெளியீட்டுப் பின்) டிரைவருக்காக. 5.10க்குப் பிறகு கெர்னல் டிவைஸ் ட்ரீயின் சார்புகளைக் கண்டிப்பாகப் பின்பற்றத் தொடங்கியதால், முன்பு தற்செயலாக ஓடிய சாதனங்கள் இப்போது நின்றுபோகலாம். கட்டளை வரியில் 'எஃப்டபிள்யூ_டெவ்லிங்க்' மதிப்பை 'பெர்மிசிவ்' ஆக்கிப் பாருங்கள். ஓடினால் நோய் தெரிந்துவிட்டது. அதையே மருந்தாக விட்டுவிடாமல் டிவைஸ் ட்ரீயைத் திருத்துங்கள்.

இன்னொரு விசித்திரம்: போர்டு சரியாக எழும், அரை நிமிடத்தில் துணை போர்டு இறக்கும். யாரும் உரிமை கோராத ரெகுலேட்டர்களைக் கெர்னல் சுமார் 30 விநாடி பொறுத்து அணைக்கிறது. அந்த மின்வழியைப் பயன்படுத்தும் சாதனத்தின் நோடில் சப்ளை பண்பை எழுதுவதே சரி. பயன்படாத கிளாக்குகளும் பூட்டின் இறுதியில் அணைக்கப்படும். சந்தேகம் வந்தால் 'சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்டு' போட்டுச் சோதியுங்கள்.

ஜிபிஐஓவைப் பழைய சிஸ்எஃப்எஸ் எண்களால் இயக்கும் ஸ்கிரிப்ட்கள் இருந்தால் இதுவே விடைகொடுக்கும் நேரம். புதிய கெர்னல்களில் தானாக ஒதுக்கப்படும் எண்கள் 512இலிருந்து தொடங்குகின்றன. பின்னின் லைன் பெயரை வைத்து லிப்ஜிபிஐஓடி நூலகத்தால் இயக்குங்கள்.

ரீபூட், மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுப்பது, இரண்டையும் தனித்தனியே குறைந்தது 50 முறை செய்யுங்கள். இந்தப் போர்டில் ஈதர்நெட் பிஎச்ஒய் (கேபிளோடு பேசும் சிப்) சில நேரம் மின்சாரம் வந்த கணத்திலேயே தவறான முகவரியில் எழுந்துவிடும் என்பது தெரிந்த வன்பொருள் குறை. 50இல் ஒரு முறை இணைப்பு இல்லாமல் போனால் புதிய கெர்னலைத் திட்டுமுன் 5.10இலும் அதே எண்ணிக்கையில் சோதியுங்கள்.

உடைத்த கமிட்டைத் தேடுதல்

ஒப்பீட்டில் பிடிபடாத கோளாறுக்கு, கமிட்களைப் பாதிப்பாதியாகப் பிரித்துத் தேடும் 'கிட் பைசெக்ட்'. 5.10க்கும் 6.12க்கும் நடுவே சுமார் 3 லட்சம் கமிட்கள். 18 அல்லது 19 சோதனைகளில் குற்றவாளி சிக்கும். நடுவில் 6.1 போன்ற நிறுத்தங்களைச் சோதித்த முடிவு கையில் இருந்தால் இன்னும் குறையும். லைனஸ் மரத்தின் 5.10, 6.12 டேக்குகளையே இரு முனைகளாகக் கொடுங்கள். 5.10.200 போன்ற ஸ்டேபிள் (பிழைத் திருத்த வெளியீடு) டேக் தனிக் கிளையில் இருப்பது. அதை முனையாகக் கொடுத்தால் தேடல் குழம்பும். ஒவ்வொரு படியிலும் டிடிபியையும் மறுபடி கட்ட வேண்டும், பலர் கெர்னலை மட்டும் மாற்றி ஒரு நாளை வீணடிக்கிறார்கள். தானியக்க ஸ்கிரிப்ட் எழுதினால், கட்டவே முடியாத கமிட்டுக்கு 125 என்ற வெளியேறும் குறியீட்டைத் தாருங்கள். அதைத் தாண்டிப் போகும்.

சிக்கியதைத் திருத்தினால் மெயின்லைனுக்கு அனுப்புங்கள். 'செக்பேட்ச்' ஓட்டி, 'கெட்_மெயின்டெய்னர்' சொல்லும் முகவரிகளுக்கு, எந்தக் கமிட் உடைத்ததோ அதைச் சுட்டும் 'ஃபிக்சஸ்' வரியோடு அனுப்ப வேண்டும். மெயின்லைனில் ஏறிய பிறகுதான் ஸ்டேபிள் கிளைக்கு வரும். நேராக ஸ்டேபிளுக்கு அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.

களத்துக்கு அனுப்புதல்

இரண்டு ரூட் பார்ட்டிஷன்கள், யு-பூட்டில் பூட் எண்ணிக்கை வரம்பு. 'பூட்லிமிட்' 3 என்று வைத்தால், மூன்று முறை முயன்றும் எழாதபோது 'ஆல்ட்பூட்கமாண்ட்' பழைய பார்ட்டிஷனைப் பிடிக்கும். எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்கும் வேலையைப் பயன்பாடு நன்றாக ஓடத் தொடங்கிய பிறகே செய்யுங்கள், பூட் ஆனவுடன் அல்ல. இனிட் அளவிலேயே பூஜ்ஜியமாக்கிவிட்டால் நெட்வொர்க் இல்லாத கெர்னலும் வெற்றி பெற்றதாகிவிடும். தொங்கிப்போகும் கெர்னலை மீட்க வாட்ச்டாக் யு-பூட்டிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

அதன் பிறகு 6.12இன் ஸ்டேபிள் வெளியீடுகளை ரீபேஸ் செய்யாமல் மெர்ஜ் செய்து வாருங்கள். வெளியே போன கிளையின் வரலாறு மாறக் கூடாது. 10 ஆண்டு ஆதரவு தேவைப்படும் தயாரிப்பு என்றால் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் சிஐபி (சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம்) திட்டம் 6.12ஐ எடுத்திருக்கிறது. ரியல்-டைம் தேவைப்படுவோருக்கு மட்டும் ஒரு தகவல்: 6.12இல் பிரீஎம்ப்ட்-ஆர்டி மெயின்லைனுக்கு வந்தது எக்ஸ்86, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-5 மூன்றுக்கும்தான். 32 பிட் ஆர்மான இந்தப் போர்டுக்கு 6.12இலும் தனி ஆர்டி பேட்ச் தொகுப்பைச் சுமக்க வேண்டும். அதைப் பேட்ச் கணக்கின் மூன்றாவது குவியலில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.