மனு எந்த ஆபீசுக்கு? ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளாவில் இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நம் தேனிப் பக்கத்து ஆட்களிடம் அரசுக் கொள்கை என்று பேச்செடுத்தால் உடனே வரும் பெயர் மலைப் பாதுகாப்புக்கு அறிக்கை தந்த குழுவின் தலைவர் கஸ்தூரிரங்கன். கோபத்தில் நியாயம் இருக்கலாம்; அதை அனுப்பும் விலாசம்தான் பெரும்பாலும் தப்பு.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 2011இல் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் மூன்று மண்டலமாகப் பிரிக்கச் சொன்னது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு பாதுகாக்க வேண்டிய பரப்பைச் சுமார் 37 சதவீதமாகக் குறைத்தது. பஃபர் சோன் (சுற்றிலும் விடும் பாதுகாப்பு வளையம்) தனிக் கதை: தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் அதுவே தளர்த்தியது.

குழு அறிக்கை சட்டம் ஆகாது. ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவு அறிவிக்கை வெளியிடும், ஆட்சேபம் சொல்ல 60 நாள் தரும். 2014 மார்ச்சில் ஒரு வரைவு வந்தது. வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள், 2024 ஜூலை 31 தேதியிட்டு வந்தது ஆறாவது. ஹர்த்தால் என்றால் ஒரு கடை திறக்காது. இந்த 60 நாளில் உருப்படியாக ஒரு கடிதம் போகிறதா என்றால் சந்தேகம்தான். போகிற கடிதமும் 'வயிற்றில் அடிக்காதீர்கள்' என்பதோடு முடிந்தால் அதை வைத்து எந்த அதிகாரியும் வரைபடத்தைத் திருத்த முடியாது. எந்த வில்லேஜ், என்ன சர்வே எண், அங்கே இருப்பது காடா, வீடா, ஏலக்காய்த் தோட்டமா என்று எழுத வேண்டும்.

பட்டயம், அதாவது நிலத்துக்கான உரிமைப் பத்திரம், கேரள வருவாய்த் துறை விஷயம். டெல்லிக்கு எழுதிப் பயனில்லை, தேனி கலெக்டரிடம் கொடுத்தும் பயனில்லை. போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் மின் ஏலத்தில் குறை இருந்தால் ஒன்றிய அரசின் ஸ்பைசஸ் போர்டுக்கு (நறுமணப் பொருள் வாரியம்) எழுதுங்கள். ஆனால் விலையை போர்டு நிர்ணயிப்பதில்லை. குவாதமாலாவில் விளைச்சல் எப்படி, வளைகுடாவில் யார் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அதில் சேரும். காயில் மருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதும் வாங்குகிற நாட்டின் முடிவு. அதற்காக நெடுங்கண்டத்தில் மறியல் செய்து என்ன பிரயோஜனம்? என்ன மருந்து, எப்போது அடித்தோம் என்று தோட்டத்தில் ஒரு நோட்டு வைத்தால் ஏற்றுமதிக்காரரிடம் பேசவாவது முடியும்.

அப்புறம், 'எனக்கு ஓட்டு கம்பத்தில், கேரளா விஷயத்தில் நான் எப்படிப் பேசுவது?' என்று ஒதுங்குவது. வரைவுக்கு ஆட்சேபம் சொல்ல அக்கறையுள்ள எவருக்கும் உரிமை உண்டு. அதற்கு வாக்காளர் அட்டையை யாரும் கேட்பதில்லை.