நவம்பரில் நாவல்: சேர்ந்து எழுதுகிறவர்களுக்கு

நவம்பர் 1 குமரி மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த நாள். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஒரு மாதத்தில் நாவலின் முதல் வரைவை முடிக்க நினைக்கிறவர்கள் அன்றே தொடங்கலாம்.

அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய மாத நாவல் வழக்கத்தில் இலக்கு 50,000 சொல். அந்த எண்ணைத் தமிழுக்கு அப்படியே எடுக்க வேண்டாம். ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் சொல்வதைத் தமிழ் ‘வீட்டிலிருந்து’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். 30,000 போதும். ஞாயிறு தவிர்த்து நாளுக்கு 1,200. மாதத்தில் ஐந்து ஞாயிறு வந்தாலும் கணக்கு தீர்ந்துவிடும். 25 நிமிடத்தில் 300 சொல் ஓடினால் நாளுக்கு நாலு தடவை உட்கார வேண்டும். உங்கள் வேகம் தெரியாவிட்டால் அக்டோபரிலேயே மூன்று நாள் கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

அதே அக்டோபரில் 25 அட்டை தயாராக வேண்டும், எழுதும் நாளுக்கு ஒரு காட்சி. அட்டைக்கு இரண்டே வரி: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது. அட்டை இல்லாதவர்கள் பெரும்பாலும் பத்தாம் நாள் பக்கம் நின்றுபோகிறார்கள். ஆட்களை அறிமுகம் செய்து, வீட்டையும் தென்னந்தோப்பையும் வருணித்து முடித்திருப்பார்கள். கதையில் யாருக்கும் எதுவும் தேவைப்படாததால் அடுத்த வரி வராது.

பேச்சுமொழியையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். குமரிக்குள்ளேயே நாஞ்சில்நாட்டுப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு வேறு. ஐந்தாம் நாள் ‘அவிய வந்தாவ’ என்ற அத்தை, அவசரத்தில் பதினைந்தாம் நாள் ‘அவங்க வந்தாங்க’ என்பாள். முக்கியமான ஆட்கள் ஒவ்வொருவருக்கும் பத்துச் சொல் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். போனில் பேசித் தட்டச்சு செய்தால் வட்டாரச் சொல்லை அது பொதுச்சொல்லாக மாற்றிவிடக்கூடும். வசனத்தையாவது விரலால் அடிப்பது நல்லது.

தெரியாத தகவல் வந்தால் எழுத்தை நிறுத்தாதீர்கள். ‘அவன் @@கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனான்’ என்று குறியிட்டுத் தாண்டுங்கள். பால்வெட்டுக் கத்தியின் விவரத்தைத் தேடப் போனால் அன்றைய ஒரு மணி நேரம் போய்விடும். ர-ற, ல-ள-ழ பிழைகளும் டிசம்பருக்கு.

குழுவுக்கு ஐந்து முதல் ஏழு பேர் சரி. மூன்று பேரில் ஒருவர் விலகினாலே குழு ஆடிப்போகும். பத்துப் பேரானால் யார் எழுதவில்லை என்பதே தெரியாது. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு எண் மட்டும்: இன்று எவ்வளவு, மொத்தம் எவ்வளவு. ‘வந்துகொண்டிருந்தான்’ ஒரு சொல்லா இரண்டா என்ற வழக்கே வேண்டாம், கணினி எண்ணுவதே கணக்கு. இரண்டு நாள் எண் வராதவரை ஒருவர் போனில் கூப்பிட வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். ஞாயிறு பிற்பகல் நேரில் கூடலாம். நாகர்கோவில், மார்த்தாண்டம் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் தக்கலை நடுவாக இருக்கும்.

கூடும்போது கதை எங்கே முட்டி நிற்கிறது என்று பேசுங்கள். எழுதிய பக்கத்தை மட்டும் யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ‘முதல் அத்தியாயம் கொஞ்சம் இழுவை’ என்று அன்பாகச் சொன்னாலும் போதும், கேட்டவர் மறுநாள் முதல் அத்தியாயத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது அத்தியாயம் அப்படியே கிடக்கும்.

மூன்று நாள் தவறி 3,600 சொல் பின்தங்கினால் ஒரே ராத்திரியில் பிடிக்கப் பார்க்காதீர்கள், மறுநாள் கை ஓடாது. நாளுக்கு 300 கூட்டினால் பன்னிரண்டு நாளில் சரியாகும்.

நவம்பர் வடகிழக்கு மழைக்காலம், கரண்ட் போகும். கூகுள் டாக்ஸில் கோப்பை ஆஃப்லைனிலும் திறக்கும்படி வைத்து, பவர் பேங்கைச் சார்ஜ் போட்டு வையுங்கள். நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும் பத்து நாள். வீட்டில் விருந்தாளிகள் நிறைகிறவர்கள் முதல் இருபது எழுத்து நாளிலேயே 1,500 வீதம் எழுதி முடித்துவிடலாம்.

முடிந்ததும் மூன்று வாரம் கோப்பைத் திறக்காதீர்கள். பிறகு அச்செடுத்து, கையில் பேனா இல்லாமல் ஒரே மூச்சில் வாசியுங்கள். அதன்பின் @@ என்று தேடினால் விசாரிக்க வேண்டியவை எல்லாம் வரிசையாக வரும். பால்வெட்டுகிறவரைப் போய்ப் பார்க்க வேண்டியது அப்போதுதான்.