பேனல் போர்டு வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு: ஐடிஐ முதல் லைசன்ஸ் வரை

ஐடிஐ விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு 'சுவிட்ச்கியர் ஃபிட்டர்' என்று ஒரு டிரேடைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நான் வேலை பார்த்த ஷாப்களில் அந்தப் பெயரில் படித்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் எலக்ட்ரீஷியன், இல்லாவிட்டால் வயர்மேன் டிரேட் முடித்தவர்கள்தான். பேனல் ஷாப்பில், அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பேனல் போர்டுகளைக் கட்டும் பட்டறையில், பஸ்பார் (கரண்ட் ஓடும் செம்புப் பட்டை) வளைத்து, ஏசிபி, எம்சிசிபி என்ற பிரேக்கர்கள், மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டர் எல்லாம் ஏற்றி, கண்ட்ரோல் வயரிங் இழுத்து, டெஸ்டிங் வரைக்கும் நின்று பழகிய பிறகுதான் அந்த எலக்ட்ரீஷியனை மற்றவர்கள் ஃபிட்டர் என்று கூப்பிட ஆரம்பிப்பார்கள். அதற்கான வழியை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எலக்ட்ரீஷியன் டிரேடுக்குப் பத்தாவதில் கணக்கும் அறிவியலும் படித்துத் தேறியிருக்க வேண்டும். எட்டாவது மட்டும்தான் என்றால் வயர்மேன் டிரேடுக்குப் போகலாம். இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. பத்தாவது ரிசல்ட் வரும் சமயத்தில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கும். ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு உச்ச வரம்பே கிடையாது, அதனால் 'வயசாயிடுச்சே' என்று தயங்க வேண்டியதில்லை. அரசு ஐடிஐயில் பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வரும். தனியார் ஐடிஐ என்றால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் நேரில் போய் ஒர்க்ஷாப்பைப் பாருங்கள். கட்டிடம் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கழற்றி மாட்ட ஒரு பழைய ஏசிபியாவது கிடக்கிறதா, மோட்டார் ஸ்டார்டர் போர்டில் பையன்கள் கை வைத்த அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் புத்தம் புதிதாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் அங்கே யாரும் எதையும் தொடுவதில்லை என்றுதான் அர்த்தம்.

வருகை 80 சதவீதம் இல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுத விடமாட்டார்கள். பாடப்புத்தகத்தைச் சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் தமிழிலும் போடுகிறது, அதையே ஒழுங்காகப் படித்தால் போதும். ஒன்றே ஒன்று, இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பை மட்டும் கட் அடிக்காதீர்கள். ஷாப்புக்கு வந்த முதல் நாளே கையில் கொடுப்பது டிராயிங்கைத்தான், கருவிப்பெட்டி எல்லாம் அப்புறம்.

அடுத்தது அப்ரண்டிஸ். அந்த ஒரு வருடம் பெரிய கம்பெனியிலா, அம்பத்தூரிலோ கோவை குறிச்சி சிட்கோவிலோ இருக்கும் நடுத்தரப் பேனல் ஷாப்பிலா என்று நிறையத் தம்பிகள் கேட்கிறார்கள். பெரிய கம்பெனி பெயர் பயோடேட்டாவில் அழகாக இருக்கும், ஆனால் அங்கே ஒரே மேஜையில் நின்று ஒரே ஸ்க்ரூவை வருடம் முழுக்க முடுக்கவிட்டாலும் விடுவார்கள். நடுத்தர ஷாப்பில் காலையில் பஸ்பார் வெட்டினால் சாயங்காலம் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துக்கொண்டிருப்பீர்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தளத்தில் உங்கள் பெயரில் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். 'பதிவு எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், நாளையிலிருந்து வா' என்று சொல்லும் இடத்தில் வருடம் முடிந்த பிறகு தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்காது. என்னோடு இருந்த ஒரு பையன் இப்படி ஒன்றரை வருடம் உழைத்துவிட்டு, லெட்டர்ஹெட்டில் நாலு வரிக் கடிதத்தோடு வெளியே வந்தான்.

சரி, ஷாப்புக்குள் வந்தாயிற்று. முதல் மாதம் பெரும்பாலும் கிரிம்பிங்தான், அதாவது வயர் நுனியில் லக் என்ற உலோக முனையை அழுத்திப் பொருத்துவது. லேசான வேலையாகத் தெரியும், ஆனால் பாதி ஃபால்ட் பிறப்பது இங்கேதான். 1.5 சதுர மில்லிமீட்டர் கண்ட்ரோல் வயரை எடுத்துக்கொள்ளுங்கள். லக்கின் குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உரிக்க வேண்டும், ஒரு இழைகூட வெட்டுப்படக் கூடாது. லக்கை மாட்டுவதற்கு முன்னால் ஃபெருலை (வயர் எண் போட்ட சின்ன வளையத்தை) கோத்துவிடுங்கள். எல்லோரும் ஒரு தடவையாவது மறப்பார்கள், லக்கை அழுத்தி முடித்த பிறகு ஃபெருல் உள்ளே போகாது, வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும், வயரும் அளவு குறைந்துபோகும். அழுத்தியதும் லக்கைப் பிடித்து ஒரு இழு இழுங்கள். கையோடு வந்தால் நல்லது, சைட்டில் வராமல் இங்கேயே வந்ததே என்று சந்தோஷப்படுங்கள்.

பஸ்பார் வேலையில் பேச்சே டார்க், அதாவது போல்ட்டை எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்பது பற்றித்தான். எங்கள் ஷாப்பில் எம்10 போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் வைப்போம், உங்கள் ஷாப் சார்ட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் உங்களுக்குச் சட்டம். டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் நிறுத்திவிட்டு, போல்ட், நட், பார் மூன்றையும் தொடுகிற மாதிரி பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு பின்னால் விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் இன்னும் நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது. செம்பு மெத்தென்ற உலோகம், அளவுக்கு மீறி முறுக்கினால் நசுங்கும், சூடாகி ஆறி சூடாகி ஆறி கடைசியில் இணைப்புத் தளர்ந்துபோகும்.

தளர்ந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் தளர விட்டதே நான்தான். வேலைக்கு வந்து இரண்டாவது வருடம், ஒரு நூற்பாலைக்கு 800 ஆம்பியர் பேனல். இன்கமருக்கு (சப்ளை உள்ளே வரும் பிரேக்கருக்கு) மேலே நடு பஸ்பாரில் ஒரு போல்ட்டைக் கையால் முடுக்கிவிட்டு, டீ வந்தது என்று எழுந்து போனேன். திரும்பி வந்து அடுத்த இணைப்பிலிருந்து தொடங்கிவிட்டேன், கோடு இல்லாததை நானும் பார்க்கவில்லை, செக் செய்தவரும் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் ஆலையிலிருந்து போன் வந்தது, கருகல் வாசனை என்று. போய்க் கதவைத் திறந்தால் மஞ்சள் ஸ்லீவ் டீ நிறத்தில் இருந்தது. தளர்ந்த இடத்தில் மின்தடை ஏறும், ஏறினால் சூடு, சூட்டில் செம்பு ஆக்சைடு படியும், தடை இன்னும் ஏறும், இப்படியே சுற்றிக்கொண்டு போகும். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பாருக்கு உட்கார்ந்தால் முடித்துக் கோடு போட்ட பிறகுதான் எழுந்திருப்பேன்.

டெஸ்டிங் பெஞ்சுக்கு அனுப்பும்போது பயந்து பயந்தே கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. பிரேக்கர் டிரிப் ஆகிவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை, அதன் மேல் முனையில் சப்ளை அப்படியே இருக்கும். டெஸ்டரை முதலில் லைவ் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் வேலை செய்யும் இடத்தில், மறுபடியும் லைவ் இடத்தில். இரண்டாவது முறை எதற்கு என்றால், நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் தெரிய வேண்டுமே. மெகர் வைப்பதற்கு முன் எலக்ட்ரானிக் ரிலே, மீட்டர் இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை போய்விடும். சிடி (கரண்டை அளக்க வைக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியை மட்டும் ஓடும் லோடில் ஒருபோதும் திறக்கக் கூடாது, திறந்த முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். ஸ்பிரிங் சார்ஜ் ஆன ஏசிபிக்குள் விரல் விடுவதும் அதே ரகம்தான், அதற்குக் கரண்டே தேவையில்லை, ஸ்பிரிங்கே விரலை எடுத்துவிடும்.

லைசன்ஸ் விஷயத்தில்தான் நிறையக் குழப்பம். ஷாப்பின் கூரைக்குள் பேனல் அசெம்பிள் செய்யும்வரை உங்களிடம் யாரும் லைசன்ஸ் கேட்கமாட்டார்கள். அதையே சைட்டில் போய்ப் பொருத்தி இணைப்புக் கொடுக்கிற வேலை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர் பெயரில், சான்று பெற்ற சூப்பர்வைசர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். இந்தச் சான்றுகளைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம், கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஐடிஐயும் அனுபவமும் இருப்பவர்கள் வயர்மேன் சான்றுக்குப் போகலாம். ஐடிஐ படிக்காமலே பல வருடம் வயரிங் செய்து பழகியவர்களுக்கு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது, அறிவிப்பு வரும்போது அரசு ஐடிஐயில் விசாரித்தால் சொல்வார்கள். புரோக்கரிடம் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்றால் டிப்ளமோ இருந்தால் வழி சுலபம். பத்தாவதும் இரண்டு வருட ஐடிஐயும் முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், பலருக்கு இது தெரியாமலே வருடங்கள் போய்விடுகின்றன. அங்கிருந்து ஹெச்டி (உயர் மின்னழுத்த) பக்கம், 11 கேவி, 22 கேவி, 33 கேவி விசிபி (வெற்றிட பிரேக்கர்) பேனல்கள் என்று போனால் சம்பளமும் ஏறும், அதற்கேற்ற ஆபத்தும் ஏறும்.

வளைகுடாவுக்குப் போகிற எண்ணம் இருந்தால், மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு செய்த ஏஜென்ட்தானா என்று முதலில் பாருங்கள், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். டிரேட் டெஸ்ட் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒரு டிராயிங், ஒரு காலிப் போர்டு, கான்டாக்டர்கள், டைமர், ஒரு ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் கட்டிக் கொடுக்க வேண்டும். மோட்டார் ஓடினால் பாஸ் என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் உட்கார்ந்த டெஸ்டில் டெஸ்ட் எடுத்த மனிதர் மோட்டாரைப் பார்க்கவே இல்லை, சப்ளையை ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொரு வயராகப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். பக்கத்துப் போர்டில் மூன்றாவது வயர் கையோடு வந்தது.