ஃபோம் மிதவையும் பொது நீச்சல் குளமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீளமான ஃபோம் குழலை இரண்டு அக்குளுக்கும் அடியில் கொடுத்துக்கொண்டு ஒரு சின்னப் பையன் மிதக்கிறான். அப்பா கரையில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார். பையன் ஒரு கையைத் தூக்கியதும் குழல் வழுக்கி முன்னால் எழும்பிவிடுகிறது. குழல் மிதக்கிறது, பையனைக் காணோம்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதைதான் இது. நுரைக்குள் தண்ணீர் புகாத குட்டிக் குட்டிக் காற்றறைகள் இருப்பதால் குழல் நன்றாகவே மிதக்கும். ஆனால் அது உடம்போடு கட்டப்பட்டதில்லை, கை விட்டால் போச்சு. லைஃப் ஜாக்கெட்டைப் பட்டை போட்டு இறுக்குகிறோம். அதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12402-இல், தூக்கிப்பிடிக்கும் விசை 100 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ள வகைகளை, முகத்தை மேல்நோக்கித் திருப்பும்படியே வடிவமைக்கிறார்கள். ஃபோம் பொம்மைக்கு அந்த வேலை தெரியாது. நீச்சல் தெரியாத பிள்ளையை அதன் துணையோடு ஆழமான பக்கம் அனுப்பவே கூடாது.

"ஏதாவது ஆனால் கத்துவான், ஓடிவிடலாம்" என்ற நினைப்பும் தவறு. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எப்படி வரும்? கைகளும் மேலே ஆடாது, பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்தும். மூழ்குபவர்கள் நீர்மட்டத்தில் 20 முதல் 60 வினாடிதான் தாக்குப்பிடிப்பார்கள் என்று லைஃப் கார்டாக இருந்து இதை ஆராய்ந்த ஃபிராங்க் பியா குறிப்பிட்டிருக்கிறார். ஒரு மெசேஜுக்குப் பதில் போடும் நேரம். அதனால் குழந்தையின் கையில் மிதவை இருந்தாலும் நீங்கள் கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே இருங்கள்.

சில குளங்களில் அகலமான ஃபோம் பாய்களுக்கு அனுமதி இல்லை. "விளையாட வந்த இடத்தில் என்ன கெடுபிடி?" என்று சண்டைக்குப் போவார்கள். லைஃப் கார்டு உட்காரும் நாற்காலியிலிருந்து யோசித்துப் பாருங்கள்: பாய்க்கு அடியில் ஒரு பிள்ளை சிக்கியிருந்தாலும் தெரியாது. மேலே வர நினைக்கும் குழந்தையின் தலை ஃபோமில் முட்டும், பதற்றத்தில் எந்தப் பக்கம் விலகுவது என்றே புரியாது. கூட்ட நாளில் "எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்" என்று விசில் அடித்தால், மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவதே நல்லது.

அப்புறம், கிக் போர்டை, அதாவது நீச்சல் பழகும்போது கையில் பிடிக்கும் ஃபோம் பலகையை, தண்ணீருக்குள் அமுக்கி அதன்மேல் நிற்கும் விளையாட்டு. கால் வழுக்கியதும் பலகை மேலே சீறும், பக்கத்தில் இருப்பவரின் தாடை பெயர்ந்தாலும் ஆச்சரியமில்லை. கரையிலிருந்து மிதவை மேல் குதிப்பதும் இதே ரகம்.

பழைய மிதவையை விரலால் கீறிப் பாருங்கள். வெயிலும் குளோரினும் பட்டுப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள். சின்னக் குழந்தை கடித்துத் துண்டைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்ளும், உதிர்ந்தது போய் வடிகட்டியையும் அடைக்கும்.

கிளம்பும்போது பொம்மையைத் தண்ணீரிலேயே விட்டுப் போகாதீர்கள். கலர் கலராக மிதப்பதை எட்டி எடுக்கப் போய்த்தான் தவழும் பிள்ளைகள் உள்ளே விழுகிறார்கள்.

கரையோரம் யாராவது தத்தளித்தால் மட்டும் குழல் கைகொடுக்கும். லைஃப் கார்டைக் கூப்பிட்டுக்கொண்டே கரையில் குப்புறப் படுத்து அதை நீட்டுங்கள், நீங்கள் குதிக்காதீர்கள். சுவரில் கம்போ மிதவை வளையமோ மாட்டியிருந்தால் முதலில் அதை எடுங்கள். குழல் வளையும், கம்பு வளையாது.